இராஜாஜி: ஒரு பழமைவாதியின் ஆட்சியும் திருச்சியின் இரண்டு நடைப்பயணங்களும்

அமெரிக்க அரசியல் பற்றிய செய்திகளைப் படிப்போர் 'பழமைவாத ஆளுநர்' என்னும் சொற்றொடரை அடிக்கடி எதிர்கொள்வர். அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். மாநில நிர்வாகத்தின் உண்மையான தலைவர். நம் நாட்டிலோ ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுகிறார். ஆட்சிப் பொறுப்பு முதலமைச்சரிடம் இருக்கிறது. ஆகவே அமெரிக்கப் பழமைவாத ஆளுநருக்கு நிகரான ஒருவரை நம்மிடையே தேட முற்பட்டால், முதலமைச்சர்களின் வரிசையிலேயே தேட வேண்டும். அவ்வாறு தேடும்போது நம் கண்முன் முதலில் வந்து நிற்பவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் என்னும் இராஜாஜி. அவர் இருமுறை சென்னையின் ஆட்சித் தலைவராக இருந்தார். மேற்கு வங்க ஆளுநராகவும் இந்தியாவின் தலைமை ஆளுநராகவும் பணியாற்றினார். இரு பொருளிலும் 'ஆளுநர்' என்ற சொல்லுக்கு உரியவர் அவர்.

பழமைவாதி என்பதற்கு வசைச்சொல்லாக ஒரு பொருளும் கொள்கைப் பெயராக ஒரு பொருளும் உண்டு. இரண்டாவது பொருளையே நாம் இங்குக் கொள்கிறோம். சமயமும் குடும்பமும் முன்னோர் வழக்கமும் மனிதனை நெறிப்படுத்துகின்றன. அரசு தன் எல்லைக்குள் நிற்க வேண்டும். வணிகமும் உழவும் தொழிலும் அதிகாரிகளின் பிடியில் சிக்கலாகாது. மாற்றம் மெல்ல வர வேண்டும். இவையே அக்கொள்கையின் அடிப்படைகள். இக்கொள்கையை ஏற்றவர் ஆட்சிபீடத்தில் அமர்ந்தபோது அதற்கு உண்மையாக நடந்தாரா என்பதே நாம் ஆராய விரும்பும் வினா. சிறுபான்மையினராகிய நமக்கு இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. எத்தகைய ஆட்சியாளரிடம் நாம் நம்பிக்கை வைக்கலாம் என்பதற்கான விடையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

ஒரே ஊரிலிருந்து இரண்டு படைகள்

திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூர், முற்காலச் சோழரின் தலைநகர். அங்கிருந்த அறங்கூறும் அவையத்தின் சிறப்பைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். இராஜாஜியின் அரசியல் வாழ்க்கையை எடைபோட இவ்வூரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம். ஏனெனில் அவரால் ஒரு நடைப்பயணமும் அவருக்கு எதிராக ஒரு நடைப்பயணமும் எட்டே ஆண்டு இடைவெளியில் திருச்சியிலிருந்தே புறப்பட்டன.

முதலாவது, 1930 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய உப்புச் சத்தியாக்கிரகப் பயணம். திருச்சிக் கண்டோன்மென்ட் பகுதியிலிருந்த மருத்துவர் தி.சே.சௌ. இராஜனின் இல்லத்திலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் இராஜாஜி வேதாரண்யம் நோக்கிப் புறப்பட்டார். இராஜன் திருவரங்கத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்றவர். காவிரிப் படுகை வழியாக ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்து ஏப்ரல் 28 அன்று அவர்கள் வேதாரண்யத்தை அடைந்தனர். வழியில் உணவும் உறைவிடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். எனினும் மக்கள் அஞ்சவில்லை. சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசியாற்றினார்கள் என்பது இன்றும் அப்பகுதியில் சொல்லப்படும் செய்தி. ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய இராஜாஜி கைது செய்யப்பட்டார். நியாயமற்ற சட்டத்திற்குக் கீழ்ப்படிய மறுப்பது குடிமகனின் உரிமை என்று அவர் அன்று தம் செயலால் எடுத்துரைத்தார்.

இரண்டாவது பயணம் 1938 ஆகஸ்டு 1 அன்று உறையூரிலிருந்து புறப்பட்டது. 'தமிழர் படை' என்பது அதன் பெயர். பட்டுக்கோட்டை அழகிரியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் நடந்தனர். நாற்பத்திரண்டு நாட்கள் ஊர் ஊராகச் சென்று செப்டம்பர் 11 அன்று அப்படை சென்னையை அடைந்தது. பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்தே அவர்கள் நடந்தார்கள். கட்டாயமாக்கியவர் வேறு எவருமல்லர். 1930-இல் இதே ஊரிலிருந்து நடந்து சென்ற இராஜாஜிதான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர் சிறைக்குச் செல்பவர் என்ற நிலையிலிருந்து சிறைக்கு அனுப்புபவர் என்ற நிலைக்கு மாறியிருந்தார்.

முதல் ஆட்சி: 1937 - 1939

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள அவரது முன்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சட்டம் பயின்று 1900-இல் சேலத்தில் வழக்குரைஞரானார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பின்னர்க் காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து, வருவாய் மிக்க தொழிலைத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகிய பணிகளில் ஈடுபட்டார். சமயப் பற்று மிக்கவராயினும் சாதிக் கட்டுப்பாட்டுக்கு அடிமையாகவில்லை. அவருடைய மகள் இலட்சுமி காந்தியடிகளின் மகன் தேவதாஸை 1933-இல் மணந்தார். அவர் போற்றிய பழமை எல்லாப் பழமையும் அன்று என்பதற்கு இதுவே சான்று.

1937 சூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்று மாகாண முதலமைச்சருக்குப் பிரதமர் என்றே பெயர். அவரது அமைச்சரவையில் திருவரங்கத்து இராஜனும் இடம்பெற்றார். கிலாபத் இயக்கக் காலத்தில் சிறை சென்ற யாகூப் ஹசன் சேட் பொதுப்பணித் துறையை ஏற்றார்.

அவ்வாட்சியின் முதல் பெருஞ்செயல் மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்து, பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் பரவியது. அமெரிக்கா 1920-இல் நாடு முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்து, கள்ளச் சந்தையையும் குற்றக் கும்பல்களையும் அடக்க இயலாமல் 1933-இல் அதைக் கைவிட்டிருந்தது. அந்தத் தோல்வி உலகறிந்த நான்காம் ஆண்டிலேயே இராஜாஜி இம்முயற்சியில் இறங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. மது ஹராமாக்கப்பட்ட மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இச்செயலின் அருமையை விளக்கத் தேவையில்லை. கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939-இல் அவர் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அரசின் கை நீளக்கூடாது என்று கருதிய ஒருவரே வணிகர்களின் கடைக்குள் புகும் புதிய வரியை விதிக்க நேர்ந்தது வரலாற்றின் விந்தை. மதுவிலக்கு பின்னாளில் போயிற்று. அதற்காகப் பிறந்த விற்பனை வரியோ போகவில்லை. வேறு வேறு பெயர்களில் இன்றும் தொடர்கிறது.

உழவர் கடன் நிவாரணச் சட்டம் 1938-இலும், ஆலய நுழைவுக்குப் பாதுகாப்பளித்த சட்டம் 1939-இலும் நிறைவேறின. வைதிக மரபில் வந்தவர் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவைத் திறந்துவிடச் சட்டம் செய்தார். மரபின் மீது உண்மையான பற்றுடையோரே அதன் குறையைத் துணிந்து திருத்த முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஆனால் மொழித் துறையில் அவர் தவறினார். 1938 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட ஆணை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. எதிர்ப்பு எழுந்தது. மறியல் செய்தோர்மீது அரசு குற்றச் சட்டத் திருத்தச் சட்டத்தை ஏவியது. வெள்ளையராட்சி காங்கிரசுத் தொண்டர்களை ஒடுக்கப் பயன்படுத்திய, காங்கிரசுக்காரர்கள் கடுமையாகக் கண்டித்த அதே சட்டம் இது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். அவர்களுள் குழந்தைகளைச் சுமந்த தாய்மாரும் இருந்தனர். பெரியார் சிறையிடப்பட்டார். சிறைத் தண்டனைக்காளான நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிரிழந்தனர். 1939 அக்டோபரில் உலகப் போர் தொடர்பான கருத்து வேற்றுமையால் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆங்கிலேய ஆளுநர் எர்ஸ்கின் அவ்வாணையை நீக்கினார். மக்கள் கேட்டதை மக்களாட்சி கொடுக்க மறுத்து, அந்நிய ஆளுநர் கொடுக்க நேர்ந்தது.

இப்போராட்டத்தில் நம் சமூகத்தின் பங்கு மறக்கத்தக்கதன்று. திருச்சியைச் சேர்ந்தவரும் முஸ்லிம் லீக் உறுப்பினருமான கான் பகதூர் பி. கலிபுல்லா சாகிபு சட்டமன்றத்தில் கட்டாய இந்தியை எதிர்த்துப் பேசினார். தாம் ஒரு இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதற்காகத் தாம் வெட்கப்படவில்லை, பெருமைப்படுவதாகவும் அவர் அறிவித்தார். தமிழர் படையின் பயணத்திற்கும் அவர் துணைநின்றார். முஸ்லிம் என்றால் உருது பேசுபவர் என்று எண்ணிய அரசியல் உலகுக்குத் தமிழ் முஸ்லிம்களின் மொழிநிலையைத் தெளிவாக உணர்த்திய குரல் அது.

கேட்டறிந்த இராஜாஜி

அடுத்து வந்த ஆண்டுகளில் நாம் காண்பது வேறொரு இராஜாஜி. ஆட்சியில் இல்லாத இராஜாஜி. 1942 ஏப்ரலில், முஸ்லிம் லீகின் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று அதனுடன் இணைந்து தேசிய அரசு அமைக்க வேண்டும் என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றக் காங்கிரசுக் கட்சியில் நிறைவேற்றினார். அகில இந்தியக் காங்கிரசுக் குழு அதை 120-க்கு 15 என்ற வாக்குகளில் தள்ளியது. அவர் காங்கிரசிலிருந்து விலகினார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை. சொந்தக் கட்சியினராலேயே துரோகி எனத் தூற்றப்பட்டார்.

எனினும் அவர் பின்வாங்கவில்லை. 1944 சூலையில் 'இராஜாஜி திட்டம்' வெளியாயிற்று. லீக் விடுதலைக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் ஒத்துழைக்க வேண்டும். போருக்குப்பின், முஸ்லிம்கள் அறுதிப் பெரும்பான்மையாக வாழும் அடுத்தடுத்த மாவட்டங்களை ஓர் ஆணையம் வரையறுக்கும். அங்கு வாழும் அனைவரும் வாக்களித்துப் பிரிவதா சேர்ந்திருப்பதா என முடிவு செய்வர். பிரிந்தாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு உடன்பாடு இருக்கும். மக்கள் இடம்பெயர்வது முழுவதும் விருப்பத்தின் பேரிலேயே நிகழும். இவையே அதன் சாரம். 1944 செப்டம்பரில் பம்பாயில் நடந்த காந்தி - ஜின்னா பேச்சுக்கு இதுவே அடிப்படையாயிற்று. ஜின்னா இதை ஏற்கவில்லை, பேச்சு முறிந்தது. மூன்றாண்டுகளுக்குப்பின் பஞ்சாபும் வங்காளமும் பிளக்கப்பட்டபோது, விருப்பத்தின் பேரிலான இடப்பெயர்ச்சிக்குப் பதிலாக இரத்தம் தோய்ந்த அகதி வரிசைகளையே உலகம் கண்டது. இராஜாஜி திட்டம் ஏற்கப்பட்டிருந்தால் அவலம் நேர்ந்திராது என நாம் உறுதி கூற இயலாது. ஆனால் எதிர்த்தரப்பின் அச்சத்தைப் பொய்யென ஒதுக்காமல், அது உண்மையான அச்சமே என ஏற்றுப் பேசத் துணிந்த பெருந்தலைவர்கள் அன்று காங்கிரசில் மிகச் சிலரே என்பதை மறுக்க முடியாது.

1947 ஆகஸ்டு 15 அன்று மேற்கு வங்க ஆளுநராக அவர் பொறுப்பேற்றார். அவர் பதவியில் இருந்த முதல் மாதத்திலேயே கல்கத்தாவில் மீண்டும் கலவரம் மூண்டு, அதைத் தணிக்கக் காந்தியடிகள் செப்டம்பர் 1 முதல் 4 வரை உண்ணாநோன்பிருந்தார். 1948 சூன் 21 முதல் 1950 சனவரி 26 வரை இராஜாஜி இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தார். அப்பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர். அதன் கடைசி உரிமையாளரும் அவரே. 1948 மார்ச் 10 அன்று காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது சென்னை அரசினர் மண்டபத்தில். அம்மண்டபமே பின்னர் 'இராஜாஜி மண்டபம்' எனப் பெயர் பெற்றது.

இரண்டாம் ஆட்சி: 1952 - 1954

1952 பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசு 152 இடங்களையே பெற்றது. தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். மக்களாட்சி முறைக்கு இது அழகன்று என அன்றே பலர் கண்டித்தனர். எனினும் வந்த சில வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பங்கீடும் தானிய நடமாட்டத் தடையும் அகன்றன. பஞ்சம் வரும் என அஞ்சியவர்களின் அச்சம் பொய்த்தது. தஞ்சைக் குத்தகை உழவர்களையும் பண்ணையாட்களையும் காக்க அவ்வாண்டு ஆகஸ்டில் அவசரச் சட்டம் பிறப்பித்தார். நிலவுடைமையாளர்களின் நண்பர் எனப்பட்டவரின் செயல் இது.

ஆனால் 1953-இல் பழைய தவறு வேறு வடிவில் திரும்பியது. நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு நாளில் ஒரு வேளை மட்டும் வகுப்பு. மற்ற வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பள்ளிகளின் பற்றாக்குறைக்கு இது தீர்வு என்றும், உழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர்வர் என்றும் அவர் நம்பினார். சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கும், செருப்புத் தைப்பவரின் மகன் தோலுக்குமே திரும்ப வேண்டுமா என்று மக்கள் கேட்டார்கள். 'குலக் கல்வி' என்ற பெயர் அத்திட்டத்தின் மீது ஒட்டிக்கொண்டது. உறையூரின் கைத்தறி நெசவாளர் ஒருவர் தம் பிள்ளை வேறு வாழ்வு காண வேண்டும் என விரும்பியிருந்தால், அவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எதிர்ப்பு வலுத்து, 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அரசின் எல்லை

1959-இல், எண்பது வயதைக் கடந்தபின், இராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். நேருவின் பொருளாதாரக் கொள்கையை 'பர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்யம்' என அவர் சாடினார். ஒரு தொழிலைத் தொடங்கவும் விரிக்கவும் அதிகாரியின் கையொப்பத்திற்குக் காத்திருக்கும் நிலை, ஊழலையும் ஆளுங்கட்சியின் ஏகபோகத்தையுமே வளர்க்கும் என்றார். 1967 நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி 44 இடங்களைப் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. அதே 1967-இன் தொடக்கத்தில்தான் அமெரிக்கக் கலிபோர்னியாவில் ரொனால்டு ரேகன் ஆளுநர் பொறுப்பை ஏற்றார். அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று அங்கும் இங்கும் ஒரே காலத்தில் குரல் எழுந்தது. ஆயினும் இராஜாஜியின் பழமைவாதம் ஆயுதப் போட்டியை ஏற்கவில்லை. 1962-இல் தம் 83-ஆம் வயதில் அமெரிக்கா சென்று, வெள்ளை மாளிகையில் அதிபர் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். 1964-இல் விடுதலையான ஷேக் அப்துல்லா காஷ்மீர்ச் சிக்கலுக்கு வழிகாண முயன்றபோது, சென்னைக்கு வந்து இராஜாஜியிடமும் கலந்து பேசினார்.

மொழித் துறையில் அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1938-இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னர் ஆங்கிலமே ஆட்சித் தொடர்பு மொழியாக நீடிக்க வேண்டும் என வாதிட்டு, இந்தித் திணிப்பைக் கடுமையாக எதிர்த்தார். 1967-இல் அறிஞர் அண்ணாவின் தி.மு.க.வுடனும் காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீகுடனும் அவர் கைகோத்து நின்றபோது, தமிழ்நாட்டில் காங்கிரசு ஆட்சி முடிவுற்றது. உறையூரிலிருந்து அவருக்கு எதிராக நடந்தவர்களின் வழித்தோன்றல்களோடு அவர் ஒரே மேடையில் நின்றார்.

தி.மு.க. ஆட்சி 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்த முனைந்தது. தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் முதலமைச்சர் கருணாநிதியை நேரில் கண்டு, அதைச் செய்ய வேண்டாம் என மன்றாடினார். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. 1972 ஏப்ரலில் காயிதே மில்லத் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று இராஜாஜியும் மறைந்தார். அரசியலில் நெடுங்காலம் அவரை எதிர்த்த பெரியார் அவரது இறுதிச் சடங்கில் கண்ணீர் விட்டு அழுததைத் தமிழகம் கண்டது.

நாம் பெறும் படிப்பினை

இனி நம் முதல் வினாவிற்கு வருவோம். இராஜாஜி தம் கொள்கைக்கு உண்மையாக ஆட்சி செய்தாரா? செய்தபோது வென்றார், மீறியபோது தோற்றார் என்பதே நம் முடிவு. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது அரசின் கையை அவர் சுருக்கினார், மக்கள் வாழ்த்தினர். பிள்ளை எந்த மொழி படிக்க வேண்டும், எந்தத் தொழில் கற்க வேண்டும் என்பதை அரசாணையால் முடிவு செய்தபோது, அவரே பின்னாளில் கண்டித்த எல்லை மீறலை அவரே செய்தார். நோக்கம் நன்றாக இருந்தால் கேட்கத் தேவையில்லை என எண்ணியதே அவரது பிழை. மதுவிலக்கு இதற்கு விலக்கன்றோ என்று சிலர் கேட்கலாம். மது குடித்தவரை மட்டுமின்றி அவரது மனைவி மக்களையும் அழிக்கிறது. பிறர்க்கு இழைக்கும் தீங்கைத் தடுப்பது எந்த அரசுக்கும் உரிய கடமை. ஒருவரின் தாய்மொழியோ அவரது எதிர்காலக் கனவோ யாருக்கும் தீங்கிழைப்பதில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஓர் ஆட்சியாளர் பழமைவாதியா முற்போக்காளரா என்று பெயரைக் கேட்டு நாம் முடிவு செய்தலாகாது. தம்மோடு உடன்படாதவரின் அச்சத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா, தவறென உணர்ந்தபோது திருந்துகிறாரா, தாம் சிறையிலிருந்தபோது கேட்ட உரிமையை ஆட்சியில் அமர்ந்தபின் பிறர்க்கும் வழங்குகிறாரா என்பவையே உரிய அளவுகோல்கள். முதல் இரண்டிலும் இராஜாஜி பெரிதும் தேறினார். மூன்றாவதில் 1938 அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உறையூரின் பழைய அறங்கூறவையம் இன்று இருந்து இவ்வழக்கை விசாரித்தால், திருச்சியிலிருந்து புறப்பட்ட இரு படைகளையும் அழைத்துச் சாட்சியம் கேட்ட பின்னரே தீர்ப்பு வழங்கும். ஒரு தரப்பை மட்டும் கேட்டு எவரையும் புகழ்வதோ இகழ்வதோ நமக்கும் தகாது.